எந்த வேலையை எதைக் கொண்டு அளப்பது? வாசகர் கேள்வி – பதில்

வேலைகளை வகை பிரிப்பது, அந்த வகைக்குத் தக்கபடி மேற்பார்வையை அமைப்பது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: நாற்பது மிஷின் உள்ள பனியன் கம்பெனி நடத்துகிறேன். பீஸ் ரேட் (பீஸ் கணக்கில் கூலி) கொடுத்தபோது உற்பத்தி ஏறியது, கூடவே ஆல்டரும் (பிரித்துத் திரும்ப அடிக்க வேண்டிய பீஸ்) ஏறியது. ஷிப்ட் சம்பளத்துக்கு மாற்றினோம். ஆல்டர் குறைந்தது, உற்பத்தியும் படுத்துவிட்டது. எதுதான் சரியான முறை?
– எம்.கே., திருப்பூர்

பதில்: சம்பள முறையிலிருந்து யோசிக்கத் தொடங்கியதுதான் சிக்கல். வேலையிலிருந்து தொடங்குங்கள். கம்பெனியில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, அதைச் சரியாகச் செய்யும் வழி நமக்கு முழுசாகத் தெரியுமா? பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர், பீஸ் முடியும் முன்பே ‘இப்படிப் போனால் தப்பு வரும்’ என்று சொல்ல முடிந்தால், தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, முடிந்த வேலையை அளக்க முடியுமா? அதுவும் செய்தவர் யார் என்ற அடையாளத்தோடு, அன்றைக்கே?

இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் எதைப் பிடித்தாலும் சரி, செலவு குறைவானதைப் பிடியுங்கள். வழி தெரியும், விளைவு உடனே தெரியாது என்றால் வழியைத்தான் கண்காணிக்க வேண்டும். விளைவு தெரியும், வழி ஆளுக்கு ஆள் மாறும் என்றால் விளைவை மட்டும் கேளுங்கள். எப்படிச் செய்தாய் என்று நோண்டாதீர்கள். இரண்டுமே தெரியாது என்றால் ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் பழக்குவதிலும்தான் உங்கள் பிடி இருக்கிறது. அதற்கு மேல் எத்தனை ரெஜிஸ்டர் போட்டாலும் காகிதச் செலவுதான்.

இனி உங்கள் யூனிட்டுக்கு வருவோம். ஓவர்லாக் மிஷினில் சைடு (பக்கவாட்டுத் தையல்) அடிப்பது, பிளாட்லாக் மிஷினில் கீழ் மடிப்பு அடிப்பது இரண்டும் முதல் வகை. வழியும் தெரியும், பீஸையும் எண்ணலாம். இங்கே பீஸ் ரேட் தோற்றதற்குக் காரணம் பீஸ் ரேட் இல்லை. அடித்த பீஸுக்குக் கூலி போட்டீர்கள், பாஸான பீஸுக்குப் போடவில்லை. தப்பு செக்கிங் டேபிளுக்கு வந்து சேர்வதற்குள் பண்டல்கள் கலந்து, யார் அடித்தது என்பதே மறைந்துவிடும். எனவே பண்டலோடு போகும் சீட்டில் (பண்டல் டிக்கெட்) ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் டெய்லர் நம்பர் ஏற வேண்டும். லைனில் நடமாடும் செக்கர் ஒருவர், ஒவ்வொரு டெய்லரிடமும் அடித்து முடித்ததில் ஏழு பீஸை அங்கொன்றும் இங்கொன்றுமாக உருவிப் பார்க்க வேண்டும். ஏழும் சுத்தம் என்றால் மிஷின் மேல் பச்சை அட்டை. சின்னக் குறை என்றால் மஞ்சள். பெரிய குறை என்றால் சிவப்பு. மிஷின் நிற்கும், அந்தப் பண்டல் முழுக்கப் பார்க்கப்படும். ஒரு ஷிப்டில் மூன்று நான்கு சுற்று வந்தால் போதும். ஆல்டரை அடித்தவரே பிரித்து அடிக்கட்டும். அந்த நேரம் அவருடைய பீஸ் கணக்கில் தானாகவே குறையும்.

கூலியில் நேரடியாகப் பிடிக்கப் போகாதீர்கள். அபராதம் என்று போட்டால் அந்தச் சம்பளக் காலத்துக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் முன்பாக விளக்கம் கேட்க வேண்டும் என்பது சட்டம். பீஸ் கணக்கு எவ்வளவு குறைந்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்கவும் முடியாது. ஆகவே அடிப்படைக்கு ஷிப்ட் கூலி, அதற்கு மேல் பாஸான பீஸுக்கு ஊக்கத்தொகை என்ற கலப்புதான் நடைமுறையில் தாங்கும். ஊக்கத்தொகை எங்கே தொடங்குவது? ஒரு சைடு அடிக்க அரை நிமிடம் என்று நேரம் எடுத்திருந்தால் 480 நிமிட ஷிப்டில் உச்சம் 960 பீஸ். 60 சதவீதத்தில் தொடங்கினால் 576. உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் எட்ட முயலவே மாட்டார்கள்.

கட்டிங் டேபிள் அடுத்த வகை. வெட்டிய பேனலை எண்ணலாம்தான். ஆனால் கத்தி உள்ளே போன பிறகு எண்ணி என்ன பயன்? ஒரு லேயில் (வெட்டுவதற்காக விரித்து அடுக்கிய துணி) எண்பது அடுக்கு இருந்தால் ஒரு தப்பு எண்பது தப்பு. இங்கே பிடி, கத்திக்கு முன்னால் இருக்க வேண்டும். நிட் துணி ரோலிலிருந்து பிரித்து 24 மணி நேரம் ஓய்வாகக் கிடந்ததா, விரிக்கும்போது இழுத்தார்களா, மார்க்கரில் (வெட்ட வேண்டிய பாகங்களை வரைந்த தாள்) எல்லாப் பாகமும் இருக்கிறதா, அடுக்கு எண்ணிக்கை ஷீட்டோடு ஒத்துப்போகிறதா? வெட்டியதும் மேல் அடுக்கு, நடு, அடி மூன்றையும் பேட்டர்ன் அட்டை மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அடி அடுக்கு மட்டும் சிறுத்திருந்தால் விரித்தவர் இழுத்திருக்கிறார், அல்லது கத்தி சாய்ந்திருக்கிறது. கட்டிங் மாஸ்டருக்கு வெட்டின பீஸ் கணக்கில் ஊக்கத்தொகை கொடுக்கும் கம்பெனிகளில், முதலில் காணாமல் போவது அந்த 24 மணி நேரம்தான். அதன் விலை, முதல் துவையலுக்குப் பிறகு அளவு சுருங்கி வரும் புகாராகத் திரும்பும்.

சாம்பிள் டெய்லர் மூன்றாவது வகை. பையர் ஓகே சொல்லிவிட்டாரா, எத்தனையாவது சாம்பிளில் சொன்னார் என்பது மட்டுமே கணக்கு. அவரை ஒரு நாளும் பீஸ் ரேட்டில் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஷிப்மென்டுக்கு முன் சில பீஸை மட்டும் எடுத்து, குறை ஏற்கத்தக்க அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் ஏ.கியூ.எல். சோதனையைச் சிலர் டெய்லர்களுக்கான மதிப்பெண்ணாக வைக்கிறார்கள். 1,000 பீஸ் உள்ள லாட்டில் (ஒரு தொகுதிச் சரக்கில்), சோதனையின் சாதாரண நிலை இரண்டு, ஏ.கியூ.எல். 2.5 என்றால் 80 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். குறையுள்ளது 5 வரை பாஸ், 6 ஆனால் ஃபெயில். அது லாட்டைப் பற்றிய தீர்ப்பு. எந்த டெய்லரைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லாது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் கிரேடு 1 முதல் 7 வரை ஏற்கெனவே வேலைகளை வகைப்படுத்தியிருக்கிறோம். மேற்பார்வைக்கும் அதையே பயன்படுத்தலாமே?
– ஹெச்.ஆர். அலுவலர், ஓசூர்

பதில்: முடியாது. அது யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதற்கான வகை. திறனற்றவர், ஓரளவு திறனுள்ளவர், திறனுள்ளவர் என்று குறைந்தபட்சக் கூலி அறிவிப்பில் பிரிப்பதும் அதே நோக்கம்தான். உலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாடு 10 பெரும் பிரிவுகளும் 4 திறன் நிலைகளும் கொண்டது. 2015-ல் வந்த இந்தியத் தேசியத் தொழில் வகைப்பாடும் அதை ஒட்டியதுதான். இவை புள்ளிவிவரத்துக்கும் பயிற்சிக்கும் நல்லவை. ஆனால் ஒரே கிரேடு 4-ல் இருக்கும் ஸ்டோர் கீப்பரையும் வாடிக்கையாளர் புகார் கேட்பவரையும் ஒரே விதமாகக் கண்காணித்தால் ஒருவர் வேலையாவது கெடும். ஸ்டோரில் பின் கார்டில் (ஒவ்வொரு சரக்கின் இருப்பையும் எழுதும் அட்டை) உள்ள எண்ணும் ரேக்கில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. புகார் கேட்பவரிடம் ‘ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு’ என்று கேட்டால் அவர் அழைப்பைச் சீக்கிரம் வைத்துவிடக் கற்றுக்கொள்வார். அதே வாடிக்கையாளர் மறுநாள் மறுபடி கூப்பிடுவார். உங்கள் அறிக்கையில் அது இரண்டு அழைப்பாக, இரட்டைச் சாதனையாகப் பதிவாகும்.

கேள்வி: நூறு படுக்கை மருத்துவமனையில் நர்சிங் மேற்பார்வை பார்க்கிறேன். நோயாளிகளின் கருத்துப் படிவத்தை வைத்து நர்ஸ்களுக்கு மதிப்பெண் போடச் சொல்கிறது நிர்வாகம். சரியா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நர்சின் வேலை ஒரு வேலை இல்லை, பல வேலைகள் ஒருவர் கையில் இருக்கின்றன. அதைப் பிரிக்காமல் ஒரே மதிப்பெண் போடுவதுதான் தவறு. கருத்துப் படிவம் அளப்பது, பேச்சும் கனிவும் கூப்பிட்டதும் வந்தார்களா என்பதும். அந்த அளவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். சரியான மருந்து சரியான அளவில் போனதா என்பது நோயாளிக்குத் தெரியாது.

படுக்கையிலேயே கிடக்கும் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. தவறவிட்டால் படுக்கைப் புண் வரும், ஆனால் நாள் கழித்து, பல ஷிப்ட் கைமாறிய பிறகு. யார் தவறவிட்டார் என்று புண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வழி தெரியும், விளைவு தாமதம், விளைவுக்குப் பெயர் கிடையாது. ஆகவே செயலைத்தான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சார்ட். சார்ட்டும் பொய் சொல்லும். இரவு 12.00, 2.00, 4.00, 6.00 என்று நேரம் அச்சடித்தாற்போல, ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் காலையில் மொத்தமாக நிரப்பியது என்று சந்தேகப்படலாம். உண்மையான சார்ட்டில் 12.10, 1.50, 4.15 என்றுதான் இருக்கும். இதைச் சோதிக்கச் சார்ட்டைப் பார்த்துப் பயனில்லை. விடியற்காலை 3.20-க்கு வார்டுக்குப் போங்கள். சார்ட்டில் ‘இடது பக்கம்’ என்றிருந்தால் நோயாளி இடது பக்கம் படுத்திருக்கிறாரா பாருங்கள். மாதத்துக்கு நான்கைந்து முறை, முன்னறிவிப்பில்லாமல் போனால் போதும்.

மருந்து கொடுப்பதும் இதே வகை. நோயாளி, மருந்து, அளவு, செலுத்தும் வழி, நேரம் ஆகிய ஐந்தும் சரியா என்று பார்க்கும் பழக்கத்தைக் கவனியுங்கள். குறிப்பாகக் கைப்பட்டையைப் பார்த்துப் பெயரைக் கேட்கிறார்களா என்று. அறுவை அரங்குக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2008-ல் தந்த பட்டியல் 19 அம்சங்கள் கொண்டது. மயக்க மருந்துக்கு முன், கீறலுக்கு முன், நோயாளி அரங்கை விட்டுப் போகும் முன் என மூன்று இடத்தில் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியது. நின்று சொல்லாமல் டிக் மட்டும் அடித்தால் கோப்புக்கு மட்டுமே அது உதவும்.

ஒன்றில் மட்டும் எண்ணிக்கையை வைத்துத் தண்டிக்கவே கூடாது. நோயாளி கீழே விழுந்தது, மருந்து மாறிப்போனது போன்ற சம்பவ அறிக்கைகள். குறைந்த வார்டுக்குப் பரிசு என்று அறிவித்துப் பாருங்கள், அடுத்த மாதமே சம்பவங்கள் குறையும். எழுதப்படுவது மட்டும்தான் குறைந்திருக்கும்.

கேள்வி: எல்லா இடத்திலும் சி.சி.டி.வி. வைத்துவிட்டால் இந்த வகைப்பாடெல்லாம் தேவையா?
– ஆர்.எஸ்., சேலம்

பதில்: கேமரா உடம்பைக் காட்டும். உடம்பைப் பார்த்தே சரி தப்பு சொல்லக்கூடிய வேலைக்கு, அதாவது கட்டிங், பாய்லர், மருந்துக் கலவை, கேஷ் கவுன்டர் போன்றவற்றுக்கு, அது உதவும். டிசைனர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் வேலை செய்கிறாரா இல்லையா என்று எந்தக் கேமராவும் சொல்லாது. ஆனால் பார்க்கிற முதலாளி சொல்லிவிடுவார், அதுதான் ஆபத்து.

கேள்வி: பம்ப் உதிரிபாகம் செய்யும் யூனிட். மெயின்டனன்ஸ் ஃபிட்டர்களுக்கு, அவர்கள் சரிசெய்த பிரேக்டவுன் எண்ணிக்கையை வைத்து இன்சென்டிவ் தருகிறோம். ஆர்வமாகத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் பிரேக்டவுன் குறையவே இல்லை.
– வி.ஜி., கோயம்புத்தூர்

பதில்: ஏன் குறைய வேண்டும்? மிஷின் நின்றால்தானே அவர்களுக்குக் காசு!

ஃபிட்டரின் வேலையை இரண்டாக உடையுங்கள். தடுப்புப் பராமரிப்பு ஒன்று. பெல்ட் இழுவிசை, கிரீஸ், ஃபில்டர், கூலன்ட் அடர்த்தி எல்லாமே வழி நன்றாகத் தெரிந்த வேலை. விளைவோ ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதுதான், அதை அளக்க முடியாது. எனவே பட்டியலும் நேரில் பார்ப்பதும். பட்டியலில் அளவு இருக்க வேண்டும். ‘கிரீஸ் வைக்கவும்’ என்று மட்டும் எழுதினால் துருத்திக்கொண்டு வரும் வரை அடைப்பார்கள். பேரிங் உறையின் (ஹவுசிங்) காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும், அதற்கு மேல் போனால் கடைந்து சூடேறி பேரிங்கே போகும். ‘இந்த நிப்பிளுக்கு இத்தனை அமுக்கு’ என்று எழுதி, கிரீஸ் கன்னின் ஒரு அமுக்கில் எவ்வளவு கிராம் வருகிறது என்று ஒருமுறை எடை போட்டு வைத்துவிடுங்கள்.

பழுது கண்டுபிடிப்பது இன்னொன்று. இங்கே வழி யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. விளைவும் பாதிதான் தெரியும். மிஷின் ஓடத் தொடங்கியது என்பது சரியாயிற்று என்பதற்குச் சாட்சி இல்லை. நிமிடக் கணக்கில் அவசரப்படுத்தினால் உருகிய ஃபியூஸை மாற்றிவிட்டுப் போவார்கள், ஏன் உருகியது என்று பார்க்க மாட்டார்கள். அதே மிஷினில் அதே பழுது 30 நாளுக்குள் திரும்பியதா என்ற ஒரு கணக்கு மட்டும் வையுங்கள். இன்சென்டிவ் தந்தே ஆக வேண்டுமென்றால், மொத்த ஷாப்பும் நின்ற நேரம் குறைவதற்கு, ஆபரேட்டர், ஃபிட்டர் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுங்கள். ஆபரேட்டர் சேராவிட்டால், சத்தம் மாறியதை முதலில் கேட்பவர் வாய் திறக்க மாட்டார்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பது கிலோ கணக்குதானே. எண்ணிக்கை இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் தினமும் சண்டை?
– தோட்ட உத்தியோகத்தர், ஹட்டன்

பதில்: கிலோ தெளிவு, ஆனால் ஃபேக்டரிக்குத் தேவை கிலோ மட்டும் இல்லை. இரண்டு இலை ஒரு மொட்டு வேண்டும். தராசுக்கு முற்றல் இலையும் தண்டும் நல்ல எடை. ஆக, தராசை மட்டும் நம்பினால் தரம் போகும். கங்காணியின் கண்ணை மட்டும் நம்பினால் அவருக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்ற கதை தொடங்கும்.

கொழுந்து மடுவத்தில் (நிறுக்கும் கொட்டகை) நிறுக்கும் முன், பலருடைய கூடையும் ஒன்றாகக் கலப்பதற்கு முன்பாக, சில கூடைகளில் நூறு கிராம் எடுத்து நல்லது, முற்றல் என்று பிரித்து நிறுங்கள். எந்தக் கூடை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால் கங்காணி மேல் பழி வராது. பறிக்கும் மட்டம் (செடியில் பறிக்கும் உயரம்) இறங்கியிருக்கிறதா என்பதைக் கூடையில் பார்க்க முடியாது, செடியில்தான் பார்க்க வேண்டும். இன்று கிலோ கூடுவதற்காக மட்டத்துக்குக் கீழே கை போனால் அடுத்த சுற்றுகளில் செடி கொடுக்காது. அதாவது, ஒரே பறிப்பு வேலைக்குள் எடையை எண்ணலாம், மட்டத்தைக் கண்ணால்தான் பார்க்க முடியும்.

சண்டைக்குப் பெரிய காரணம் வேறு. 18 கிலோ, 20 கிலோ என்று ஆண்டு முழுவதும் ஒரே இலக்கு. மழை பெய்து கொழுந்து துள்ளும் மாதத்தில் அது மதியத்திலேயே முடியும். வறட்சியில், அல்லது பறிக்கும் சுற்று தாமதமாகி முற்றிப்போன மலையில் (தேயிலைப் பகுதியில்), முழு நாளும் குனிந்தாலும் வராது, அரைப்பேர்தான் (அரை நாள் கூலி) விழும். வானிலையும், எந்த மலைக்கு அனுப்பினீர்கள் என்பதும் தொழிலாளியின் கையில் இல்லை. விளைவை அளக்க முடிவது வேறு, அந்த விளைவு அவருடைய உழைப்பால் வந்தது என்று சொல்ல முடிவது வேறு. மலைவாரியாக, மாதவாரியாக இலக்கை மாற்றுங்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கும் எடையை மடுவத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிப் போடுங்கள். பாதிச் சண்டை அந்தக் கழிவைச் சுற்றியே நடக்கிறது.

கேள்வி: எம்.பி.ஏ. படிக்கிறேன். இந்த ‘வழி – விளைவு’ பிரிவு யாருடையது?
– மாணவி, திருச்சி

பதில்: அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஓவுச்சி 1979-ல் எழுதிய கட்டுரை இதற்குப் பெயர்பெற்றது. பெண்கள் துணிக்கடையை விளைவால் அளக்கும் வேலைக்கும், ஆராய்ச்சிக் கூடத்தை இரண்டாலும் அளக்க முடியாத வேலைக்கும் உதாரணமாகச் சொல்வார். அரசு அலுவலகங்களுக்கு இதே கோணத்தில் நான்கு வகை சொன்னவர் ஜேம்ஸ் க்யூ. வில்சன், 1989-ல். அவர் பார்த்தது மேலாளர் கண்ணுக்கு எது தெரிகிறது என்பதை. ஊழியர் செய்வதும் தெரியாமல், விளைவும் தெரியாமல் சமாளித்துக்கொண்டிருக்கும் நிறுவனங்களுக்குப் பள்ளிக்கூடத்தையும் போலீஸ் ரோந்தையும் காட்டினார். தேர்வுக்கு இது போதும். வேலைக்குப் போனபின் எந்தப் பணியும் ஒரே கட்டத்தில் அடங்காது என்று தெரிந்துகொள்வீர்கள்.

கேள்வி: மேலே சொன்னது பள்ளிக்கூடத்துக்குப் பொருந்துமா? தேர்ச்சி சதவீதத்தை வைத்து ஆசிரியர்களுக்குச் சம்பள உயர்வு கொடுக்க நினைக்கிறோம்.
– பள்ளித் தாளாளர், நாகர்கோவில்

பதில்: பழைய சோதனை அது. இங்கிலாந்தில் 1862 முதல் ‘விளைவுக்கு ஏற்ற மானியம்’ என்று நடத்திப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். ஒரு பாடத்தில் குழந்தை தவறினால் பள்ளிக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் போய்விடும். நடந்தது என்ன? வாசிப்புப் புத்தகத்தைக் குழந்தைகள் மனப்பாடம் செய்தார்கள். சோதனையில் இல்லாத வரலாறும் புவியியலும் வகுப்பறையிலிருந்து நழுவின. மதராஸ் மாகாணத்திலும் ‘ரிசல்ட் கிராண்ட்’ என்று இந்த முறை ஓடியது. 1890-களில் இங்கிலாந்தே இதைக் கைவிட்டது. நம் காலத்துக்கு வந்தால், அமெரிக்காவின் அட்லான்டா நகரப் பள்ளிகளில் விடைத்தாள் திருத்திய விவகாரத்தில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சிக்கியதாக 2011-ல் மாநில விசாரணை அறிக்கை சொன்னது. அங்கும் மதிப்பெண் இலக்குதான் நெருக்கியது.

தேர்ச்சி சதவீதத்தைப் பாருங்கள், சம்பளத்தோடு கட்டாதீர்கள். கட்டினால் ஒன்பதாம் வகுப்பிலேயே பலவீனமான பிள்ளைகளின் பெற்றோருக்கு ‘வேறு பள்ளி பாருங்கள்’ என்று சொல்லி அனுப்புவார்கள். உங்கள் சதவீதம் ஏறும். வழியில் பார்க்கக்கூடியவை இருக்கின்றன. நோட்டுத் திருத்தப்பட்டதா, திருத்திய தப்பை மாணவர் மறுபடி எழுதினாரா, வராத மாணவரின் வீட்டுக்கு அழைப்பு போனதா? அதற்கு மேல், சக ஆசிரியர் ஒருவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அன்றைக்கே பேசுவதை விட நல்ல முறை எதுவும் தெரியவில்லை.

கேள்வி: சிறுகடன் நிறுவனத்தின் கிளை மேலாளர். என் ஃபீல்டு ஆபீசர்கள் வசூல் 99 சதவீதம். ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: உறுத்த வேண்டும். வசூல் என்பது தெளிவாக எண்ணக்கூடிய விளைவு. அதை எந்த வழியில் கொண்டுவந்தார்கள் என்பதை எண் சொல்லாது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு என்று இலக்கு வைத்தது. கேட்காமலே வாடிக்கையாளர் பெயரில் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். இலக்கு அப்போதும் நன்றாகத்தான் எட்டப்பட்டது.

உங்கள் கிளையில் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒரே உறுப்பினரின் பழைய கடன் முடிந்த தேதியும் புதுக் கடன் கொடுத்த தேதியும் ஒன்றாகவோ ஒட்டியோ இருந்தால், புதுப் பணத்தில் பழைய தவணை கட்டப்பட்டிருக்கலாம். வருமானப் படிவங்களில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு ஒரே தொகை எழுதியிருந்தால் அது வீட்டில் கேட்டு எழுதியது இல்லை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி எல்லாத் தவணைகளும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே அந்தப் படிவம்தான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். மூன்றாவது, காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வீட்டுக்குப் போகிறார்களா என்று பாருங்கள், அதற்கும் தடை உண்டு. செயலியில் பதிவாகும் நேரத்தை மட்டும் நம்பாமல் நூறில் ஐந்து உறுப்பினரை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த ஐவரை ஃபீல்டு ஆபீசர் தேர்ந்தெடுக்கக் கூடாது.

கேள்வி: நாற்பது பேர் உள்ள நிறுவனத்தில் இந்த வகைப்பாட்டை எப்படிச் செய்வது? ஆலோசகர் வைக்கும் வசதி இல்லை.
– டி.என்., விருதுநகர்

பதில்: ஆலோசகர் வேண்டாம், ஒரு நோட்டும் இரண்டு வார மாலைகளும் போதும். ஆள் பெயரையோ பதவியையோ எழுதாதீர்கள், செய்யும் வேலையை எழுதுங்கள். ஒருவருடைய நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதும், தப்பினால் ஒரு நாள் கூலிக்கு மேல் நஷ்டம் தருவதும் தனி வரியாக வரட்டும்.

பிறகு சோதனை. வழி தெரியுமா என்று அறிய, அதை நன்றாகச் செய்யும் மூன்று பேரிடம் தனித்தனியே படிப்படியாகச் சொல்லச் சொல்லுங்கள். மூவரும் ஏறக்குறைய ஒன்றே சொன்னால் தெரியும். மூன்று கதை வந்தால், அது கைப்பழக்கத்தில் இருக்கும் வேலை. விளைவை அளக்க முடியுமா என்று அறிய, முடிந்த வேலை பத்தை இரண்டு மேற்பார்வையாளரிடம் தனித்தனியே கொடுத்து நல்லது, கெட்டது என்று பிரிக்கச் சொல்லுங்கள். எட்டிலாவது ஒத்துப்போகாவிட்டால் அதை எண்ணி இன்சென்டிவ் தராதீர்கள். முதலில் அந்த இரண்டு பேரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாவதாக, தப்பு எத்தனை நாள் கழித்து வெளியே தெரியும் என்று எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் என்றால், அளக்க முடிந்தாலும் வழியையும் பார்த்தாக வேண்டும்.

இதில் வழக்கமாக நடக்கும் கூத்து ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தன் வேலையை அளக்கவே முடியாது என்பார், அடுத்தவர் வேலையைச் சுலபமாக எண்ணிவிடலாம் என்பார். முதலாளியும் விலக்கில்லை. மாலைநேரச் சோதனை அதற்காகத்தான். வாதம் செய்யாமல் பத்து பீஸை மேசையில் வைத்தால் பேச்சு முடிந்துவிடும். புது மிஷின் வந்தாலோ, பெரிய வாடிக்கையாளர் மாறினாலோ அந்த வரிகளை மட்டும் திரும்பப் பாருங்கள்.

கேள்வி: எட்டு லாரி ஓட்டுகிறோம். டீசல் மைலேஜுக்கு டிரைவர்களுக்குப் பரிசு தருகிறோம். போதுமா?
– பி.எஸ்., நாமக்கல்

பதில்: மைலேஜ் லோடுக்கும் ரூட்டுக்கும் மாறும். ஆகவே ஒரே ரூட்டை, ஒரே டன் அளவை மட்டும் ஒப்பிடுங்கள். அதைவிட முக்கியம், மைலேஜுக்காக மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடுவார்கள். எஞ்சின் பிடிப்பு போய், முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து, டிரம் சூடேறினால் லோடு லாரி நிற்காது. பரிசு தரும் முன் அந்தப் பயணத்தின் ஜி.பி.எஸ். பதிவில் மலைப்பாதை வேகத்தைப் பாருங்கள். அது வரம்பைத் தாண்டியிருந்தால் மைலேஜ் எவ்வளவு வந்தாலும் பரிசு கிடையாது என்று எழுதி வண்டிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள்.